தகர பஸ்ஸுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் வந்த வினைதான் இது. அதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எனக்கு ஒரு பிரேம் கடை இருக்கிறது. சாமி படம், கல்யாண போட்டோ, செத்துப்போனவர்களின் போட்டோ, எது வந்தாலும் சட்டம் போட்டுக் கொடுப்பேன். எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஒரு தகர பஸ்ஸை வைத்திருந்தேன். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் நீளம் இருக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்களை வரைந்திருப்பார்கள். சாவி கொடுத்தால் இப்போதும் ஓடும். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது மாசி மகத்துக்குக் கடற்கரையில் போட்டிருந்த கடையில் அம்மா வாங்கித் தந்தது. அவளோடு உப்பளத்தில் வேலை செய்த பெண்கள், பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி பஸ் என்று கேலி செய்தார்களாம். ஓட்டத்தான் என்று அம்மா சொன்னாளாம். என் வாய் எங்கிருந்து வந்தது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் அதைத் தேங்காயெண்ணெய் தடவிய துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். உப்பளத்தில் இறங்குகிறவர்கள் காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அதே வைத்தியம்தான் பஸ்ஸுக்கும். நாலு பேர் பார்க்கட்டுமே என்று அதை வெளியே எடுத்துக் கடையில் வைத்தவள் நான்தான்.

போன ஆவணியில், புதுச்சேரிக்காரர் ஒருவர் வழி கேட்பதற்காகக் காரை நிறுத்தினார். வயதானவர், மரியாதையாகப் பேசினார். பஸ்ஸைப் பார்த்ததும் வழியை மறந்துவிட்டார். பழைய பொம்மைகளைச் சேர்த்து வைப்பவராம். கேட்டு வாங்கி, கவிழ்த்து அடியில் இருந்த எழுத்தைப் படித்தார். அப்புறம் விலை கேட்டார். விற்பதற்கில்லை என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் அதையே சொன்னேன். பஸ்ஸைக் கீழே வைக்க அவருக்கு மனசே வரவில்லை.

“இந்த உப்புக் காத்துல இது ரெண்டு வருஷம் தாங்காதும்மா. என்கிட்ட இருந்தா ஏ.சி. ரூம்ல பத்திரமா இருக்கும். உங்க ஊர்ல இதையெல்லாம் காப்பாத்த முடியாது.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. உப்பு என்ன செய்யும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாரே!

“தை பொறந்ததும் வாங்க சார். இதுல ஒரு பொட்டு துரு இருந்தா நீங்களே எடுத்துட்டுப் போங்க. காசு கூட வேணாம்.”

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். சாயங்காலம் விஷயம் தெரிந்ததும், நான் வாங்கின பொருளை வைத்துப் பந்தயம் கட்ட நீ யாருடி என்று அம்மா பிடித்துக்கொண்டாள். உப்புக் காற்று படாமல் பஸ்ஸைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் பெட்டி செய்ய உட்கார்ந்தேன்.

கண்ணாடி அறுப்பதும் மூலை சேர்ப்பதும் எனக்குக் கைவந்த வேலை. மரத்துக்குத்தான் யோசித்தேன். கடையில் இருக்கும் சட்டமெல்லாம் மெலிசு. எங்கள் தெருவில் நல்ல மரம் என்றால் அது உப்புக் கொட்டகையிலிருந்து வந்த மரம்தான். வருஷக்கணக்கில் உப்பு மூட்டை சாய்ந்து சாய்ந்து ஊறிப்போன பலகை. கரையான் கிட்டே வராது, பூச்சி அரிக்காது. எங்கள் வீட்டுப் பரணும் அதில்தான், பக்கத்து வீட்டுக் கட்டிலும் அதில்தான். புயலில் சாய்ந்த ஒரு கொட்டகையின் கதவை, கோபமெல்லாம் தணிந்தபின், அம்மாவே முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தாள். அறுத்து இழைத்து, நாலு பக்கமும் கண்ணாடி பதித்து ஒரு பெட்டி செய்தேன். தட்டினால் கல் மாதிரி சத்தம். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பஸ்ஸை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாராட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் அடித்தது. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தால், பெட்டியின் கண்ணாடி உள்பக்கமாக மங்கிக் கிடந்தது. பெட்டியின் பின்கதவைத் திறந்து பலகையைத் தொட்டேன், பிசுபிசுவென்று ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

காற்றில் இருக்கும் உப்பு உள்ளே போகாமல் இருக்கப் பெட்டி செய்தவள், உப்பையே நாலு பக்கமும் அடித்துப் பஸ்ஸை அதற்குள் பூட்டி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் உப்பு வேர்க்கும் என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பரணிலும் கட்டிலிலும் வேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த மரத்தில் தகரத்தை வைத்தவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. பஸ்ஸின் பின்பக்கத்து பம்பருக்கு அடியில் மிளகளவு துரு பிடித்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா என்னைத் திட்டவில்லை. பலகை வாங்கி வந்தவள் அவள் ஆயிற்றே.

அழுது முடித்ததும் பெட்டியைப் பிரித்தேன். இந்த முறை மரமே இல்லை. அடி, பக்கம், மேல் எல்லாம் கண்ணாடி. மீன் தொட்டிக்கு ஒட்டுகிற பசையை வைத்து ஒட்டினேன். அந்தப் பசையின் புளித்த வாடையும் தகரத்தை அரிக்கும் என்பதால், அது போகும்வரை பத்து நாள் பெட்டியைக் காலியாகத் திறந்தே வைத்தேன். இன்னொரு முட்டாள்தனத்துக்கு நான் தயாராக இல்லை. அதுவரை பஸ் மறுபடியும் எண்ணெய்த் துணிக்குள் போயிற்று. பின்கதவுக்குப் பழைய பிரிட்ஜின் ரப்பரை வெட்டி ஒட்டினேன். செருப்பு டப்பாவில் ‘சாப்பிடக் கூடாது’ என்று எழுதி ஈரம் உறிஞ்சும் ஒரு சின்னப் பொட்டலம் வருமே, செருப்புக் கடையில் சொல்லி வைத்து அதைக் கை நிறைய வாங்கினேன். உள்ளே இருந்த மணிகளைக் கொட்டி, வாணலியில் லேசாகச் சூடாக்கி, ஓட்டை போட்ட டப்பாவில் நிரப்பி பஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். கார்த்திகையும் மார்கழியும் போயின. கண்ணாடி மங்கவில்லை. துரு மிளகளவிலேயே நின்றது.

ஆனாலும் அது இருந்தது. தை நெருங்க நெருங்க எனக்குப் புத்தி கெட்டது. சிவப்பு நெயில் பாலிஷ் ஒன்று வாங்கி, அந்த இடத்துக்கு நேராகப் பிரஷ்ஷைக் கொண்டுபோனேன். நிறம்கூடப் பொருந்தியது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கே கூசிற்று, மூடி வைத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம் அவர் வந்தார். அம்மாவும் கடையில்தான் இருந்தாள். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

“நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா. ஒரு பொட்டு இல்ல.”

பம்பருக்கு அடியில் அவர் பார்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அப்படி ஜெயித்தால், துரு ஏறாத பொருள் மட்டும்தான் எங்களிடம் இருக்கலாம் என்ற அவருடைய நியாயத்தை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆவணியில் ஆத்திரத்தில் அதைத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பின்கதவைத் திறந்து பஸ்ஸை எடுத்து, அவர் கண்ணுக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினேன்.

“இங்க இருக்குது சார், பாருங்க. ஐப்பசியில வந்தது. எங்க தப்புதான். ஆனா குடுக்க மாட்டேன்.”

அவர் துருவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அப்போ நீங்கள் சொன்ன வார்த்தை என்ன ஆச்சு என்று மெதுவாகத்தான் கேட்டார்.

“தவறிட்டேன். புதுச்சேரி பூரா சொல்லிக்குங்க. துருப் பிடிச்சாலும் எங்க கடையிலயே பிடிக்கட்டும்.”

பஸ்ஸை உள்ளே வைத்து, ரப்பர் நன்றாக ஒட்டும்படி கதவை அழுத்தி மூடினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், முகத்துக்கு நேராகப் பேச்சு மாறிவிட்டாயே, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அம்மா புலம்பிக்கொண்டே வந்தாள்.

“அப்ப குடுத்திருக்கணுமா?” என்று கேட்டேன்.

தெருமுனை வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே வந்ததும், “குடுத்திருந்தா உன்ன வூட்டுக்குள்ள சேத்திருக்க மாட்டேன்” என்றாள்.