‘அ’ பக்கத்தில் ஓர் இடது கை

‘அம்மா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு படம் போடுங்கள் என்றால் நீங்கள் யாரைப் போடுவீர்கள்? உங்கள் அம்மாவையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வெளுத்த முகம், சுருக்கம் விழாத கழுத்து, கையில் கரண்டி, வாயில் எந்நேரமும் சிரிப்பு. அரிச்சுவடியில் பார்த்த அந்தப் பெண்மணியைத்தான் போடுவோம். அவள் யாரைப் பெற்றவள், எந்தத் தெருவில் இருப்பவள், ஒருவருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக ‘அ’வுக்குப் பக்கத்தில் வாடகை தராமல் குடியிருக்கிறாள்.

அவளைக் காலி செய்யப் பார்த்தாள் ஒரு சின்னப் பெண்.

வீட்டில் அவளுக்குப் பெயர் ‘கிறுக்கி’. அண்ணன் வைத்தது. சுவரெல்லாம் கிறுக்கியதாலா, கிறுக்குப் பிடித்ததாலா என்று கேட்டால், “ரெண்டும்தான்” என்பான். அவன் வேன் ஓட்டுகிறான். அம்மாவுக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. ஓரம் மடங்கியது, அச்சுப் பிசகியது என்று கழித்துப் போடும் அட்டைகளை அம்மா கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள், அடுப்பெரிக்க. பாதி அடுப்புக்குப் போகும். மீதி கிறுக்கியின் கட்டிலுக்கடியில் பதுங்கிவிடும்.

ஓவியப் பள்ளிக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவளுக்குக் கிடைத்த பள்ளி அந்த அட்டைகள்தான். நனைக்காதே என்று ஒரு குடை. உடையும் என்று ஒரு கண்ணாடிக் கோப்பை. மேல்பக்கம் இது என்று இரண்டு அம்புகள். ஒரு பெட்டியைப் பதமாக ஏந்திய இரண்டு கைகள். ஒரு எழுத்துகூட இல்லாமல் ஒரு படம் பேசுகிறதே என்று அவள் வாயைப் பிளந்தது அங்கேதான். ஆனால் அந்தக் கைகள் மேல் அவளுக்கு ஒரு குறை. அவற்றில் நகமில்லை, ரேகையில்லை, நரம்பில்லை. யாருடைய கையும் இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் அவற்றுக்கு நகம் வைத்ததுதான் அவளுடைய முதல் ஓவியம்.

படிப்பு முடிந்ததும் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாள். நாள் முழுக்கக் கண்ணாடிமேல் கைகள் வந்து போகும். காகிதத்தை நேராக்கும் கை, நடுங்கும் கை, மருதோன்றி மாதிரி மை அப்பிய கை. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் குழந்தை உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்த, இயந்திரம் அதையும் நகலெடுத்துத் துப்பியது. முதலாளி திட்டினார். கிறுக்கி அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மாலையில் பேருந்தில் தூங்கி வழிகிறவர்களின் கைகளை வரைவாள். தூங்கும்போதுதான் கை பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

அவள் முறையும் தனி. பழுப்பு அட்டையில் கறுப்பு, வெள்ளை இரண்டே வண்ணம். தோலுக்கு வண்ணமே பூசமாட்டாள். அட்டையின் நிறத்தை அப்படியே விட்டுவிடுவாள். “எங்க வீட்டு ஆளுங்க அட்டை கலர்தானே?” என்பாள்.

அம்மாவின் இடது கையில் நடுவிரல் இல்லை. கிறுக்கி பள்ளியில் சேருமுன்பே அட்டை வெட்டும் இயந்திரம் கொண்டுபோனது. கத்திக்கு ஒரு மூடி இருந்தது. மூடி இருந்தால் வேலை ஓடவில்லை என்று கழற்றி வைத்திருந்தார்கள். விரல் போனதும் தொழிற்சாலை சொன்னது: கவனக்குறைவு. சொந்தக்காரர்கள் சொன்னார்கள்: தலைவிதி. விதி வந்து எந்த இயந்திரத்தின் மூடியையும் கழற்றியதாகக் கேள்விப்பட்டதில்லை. ஸ்பேனர் வைத்துக் கழற்றியவர் மேற்பார்வையாளர். அவருக்குச் சம்பளம் உயர்ந்தது. அம்மாவைக் கட்டு கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் எடுத்த எந்தப் புகைப்படத்திலும் அம்மாவின் இடது கை ஒரு பைக்குப் பின்னாலோ பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலோதான்.

சென்ற மாதம், குழந்தைகளுக்கு அரிச்சுவடி போடும் ஒரு பதிப்பகம் கிறுக்கியை அழைத்தது. அவளுடைய முதல் புத்தகம். அவள் பெயர் மேலட்டையிலேயே வரும். முதலில் ‘அ’வை மாதிரிக்குப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள்.

மகளுக்குத் தலை பின்னும் அம்மாவைப் போட்டாள். இடது கையில் முடி மூன்று காலாகப் பிரிந்திருக்கிறது. நடுக்கால் அந்த விரலில்லாத இடைவெளியில் வாகாக உட்கார்ந்திருக்கிறது. அம்மா பின்னினால் சாயங்காலம்வரை கலையாது. காரணம் அந்த இடைவெளிதான் என்று கிறுக்கி சத்தியம் செய்வாள்.

பதிப்பகத்தில் படங்களைப் பார்க்கிறவருக்கு ‘விரல் சார்’ என்று பட்டப்பெயர். எப்போதோ ஒரு புத்தகத்தில் அரசனுக்கு ஆறு விரல் அச்சாகி, பள்ளிகள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பியதிலிருந்து, எந்தப் படம் வந்தாலும் பென்சில் முனையால் விரலை எண்ணிவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“ஏம்மா, இத நீ போட்டியா, கம்ப்யூட்டர் போட்டுச்சா?”

“நான்தான் சார்.”

“கதை விடாத. கம்ப்யூட்டர்தான் விரல்ல கோட்டை விடும். நேத்து ஒருத்தன் ஏழு விரலோட கொண்டு வந்தான். என்னப்பான்னா, தேவதை சார்ங்கிறான்.”

“எங்கிட்டக் கம்ப்யூட்டரே இல்ல சார். தொட்டுப் பாருங்க, வெள்ளை ஒட்டும்.”

தொட்டார். ஒட்டியது. குரல் இறங்கியது.

“சரி, கையால போட்டதுதான். ஒரு விரல மறந்துட்ட. போட்டுடு, ஒரு நிமிஷ வேலை.”

“மறக்கல சார். எங்கம்மாவுக்கு நாலுதான்.”

விரல் சார் கெட்டவரல்ல. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் “அடப் பாவமே” என்றார். டீ வரவழைத்தார். அப்புறம் சொன்னார்: “ஆனா பாரு, சின்னப் புள்ளைங்க பாக்கற பக்கம். பயந்துடும். ‘அ’ன்னா அம்மான்னு சொல்லித் தரணும். ஆக்சிடெண்ட்டுன்னா சொல்லித் தர முடியும்?”

“அது ‘ஆ’ சார்.”

சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. “நாளைக்கு அஞ்சு விரலோட வா. இல்லன்னா மொத்தப் புத்தகமும் வேற ஆளுக்குப் போயிடும். நான் என்ன பண்ண?”

தலையைக் கொய்யும் அரசர்கள், பிள்ளை தின்னும் பூதங்கள் எல்லாம் கதைப் புத்தகங்களில் தாராளமாக உலவலாம். அதற்கெல்லாம் குழந்தை பயப்படாதாம். உழைத்துத் தேய்ந்த ஒரு கையைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப் போகுமாம்! பயம் குழந்தைக்கு அல்ல. மூடி எங்கே போனது என்று அது கேட்டுவிடுமே என்ற பயம் பெரியவர்களுக்கு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

“ஒரு விரல்தானேடி கேக்கறாங்க? குடுத்துத் தொலை. தலையவா கேட்டாங்க?” என்றான் அண்ணன்.

“வெட்டின கம்பெனி ஒட்டித் தரல. இந்த மனுஷன் ஓசியில தர்றேங்கறாரு” என்று அம்மா சிரித்தாள். அட்டையை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“என்னைக் கேக்காம எதுக்குடி என் கையப் போட்ட?”

கேட்டிருக்கத்தான் வேண்டும். “அம்மான்னு போடச் சொன்னாங்கம்மா. எனக்கு வேற யாரைத் தெரியும்?” என்றாள் கிறுக்கி. “நீயே மறைக்கிற கை. வேணாம்னா விரலப் போட்டுடறேன்.”

அம்மா தன் இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“நான் மறைச்சா அது என் இஷ்டம். அவங்க எதுக்கு மறைக்கணும்? விரலும் போச்சு, போன தடமும் போகணுமா?” என்றவள், அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போய், மறுபடி இழுத்துக்கொண்டாள். “இது என்னடி நகம்? சுண்டு விரல்ல எனக்குச் சொத்தை. நீ சினிமாக்காரி நகம் வச்சிருக்க. திருத்து.”

மறுநாள் விரல் சார் பென்சிலை எடுத்து எண்ணினார். நாலு.

“நான் சொன்னதத் திருத்தலியா?”

“திருத்திட்டேன் சார். நகம். அம்மா சொன்னாங்க.”

அவர் நகத்தைப் பார்த்தார். முதல் தடவையாகப் படத்திலிருந்த அம்மாவின் முகத்தையும் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இதுல நான் முடிவு பண்ண முடியாதும்மா. மாதிரிப் பக்கத்தப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பறேன். பெத்தவங்க சரின்னா இது வரும். வேணாம்னா புத்தகம் உன்னுது இல்ல” என்றார். அவரால் முடிந்த வீரம் அவ்வளவு.

அந்தப் பக்கம் இப்போது வகுப்பறைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பெண்ணின் முதல் புத்தகம் முன்பின் தெரியாத தாய் தகப்பன்களின் கையில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பைக்குள்ளும் அப்படி ஒரு தாள் வரலாம். வந்தால், நீங்கள் முகம் சுளிக்குமுன் அதைப் பிள்ளையிடம் கொடுங்கள். அது கேட்கும் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். பிறகு பேனாவை எடுத்து, அடியில் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்புங்கள்: ‘இருக்கட்டும்.’