கொழுந்தன் வளர்த்த தாடி

அபயாம்பாளுக்கு நகை நட்டுமேல் பொறாமை கிடையாது. புடவைமேலும் கிடையாது. எதிர்வீட்டுக்காரி தியாகராய நகரில் மனை வாங்கி, மாடி வைத்து வீடு கட்டிக்கொண்டு போனபோதுகூட, 'நல்லா இருக்கட்டும்' என்று வாயாரச் சொல்லி, புதுமனைக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவள்தான். அவளுடைய வயிற்றெரிச்சல் முழுவதும் ஒரே ஒரு பொருளின்மேல் இருந்தது. அது அவள் கொழுந்தன் ராஜரத்தினத்தின் தாடி.

சிரிக்க வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் குடியிருந்தார்கள். அபயாம்பாளின் புருஷன் பஞ்சாட்சரம் மூத்தவர். மவுண்ட் ரோடில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. இளையவன் ராஜரத்தினம், ராயப்பேட்டையில் வலியுல்லா சாகிப்பின் குடைக்கடையில் வியாபாரம் பார்த்தான். அவன் பெண்டாட்டி ஜானு. அண்ணன் தம்பி இருவரையும் பெற்ற மாமியார்க்காரி, வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோருக்கும் மேலே இருந்தாள்.

கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து ஜானு முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம் உறுதியானதுமே மாமியார் மகனைக் கூப்பிட்டு, இனிமேல் குழந்தை பிறக்கிறவரைக்கும் முகத்தில் கத்தி படக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் சவரம் செய்துகொண்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. ராஜரத்தினமும் சரியென்று விட்டுவிட்டான். அவனுக்கென்ன, முதலாளியே மார்பு வரைக்கும் தாடி வைத்தவர். கடைக்கு வருகிறவர்கள் குடையைப் பார்ப்பார்களே தவிர குடை விற்கிறவன் மோவாயைப் பார்க்கப் போவதில்லை.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் ஜானுவுக்கு உதிரம் பட்டது. லேடி டாக்டர் வந்து பார்த்தாள். நஞ்சுக்கொடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்றாள். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. மறுபடி உதிரம் கண்டால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த வேண்டுதல்களைச் சொல்லி மாளாது. மாமியார், கற்பகாம்பாள் சந்நிதியில் நாற்பத்தெட்டு நாள் நெய்விளக்கு ஏற்றுகிறேன் என்றாள். முண்டகக்கண்ணியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்றாள். ஐம்பது வருஷமாக வாயில் அடக்கிவந்த வெற்றிலையைத் தூர எறிந்தாள். வலியுல்லா சாகிப்பின் சம்சாரம் அஸ்மத்துன்னிசா, ஓதி ஊதிய தண்ணீரைக் கூஜாவில் கொடுத்தனுப்பினாள். தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைக்கூட இரண்டு தரம் வடிகட்டும் மாமியார், அதைத் தன் கையாலேயே ஜானுவுக்குப் புகட்டினாள். தாடிக்கோ காவல் போட்டாற்போல் ஆகிவிட்டது. தெருவில் நாவிதர் போனால்கூட மாமியார் கதவைச் சாத்திவிடுவாள்.

இதையெல்லாம் அபயாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே வீட்டில் முழுகாமல் இருந்தவள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கினார்கள். அடுக்கிய பத்தாம் நாள் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை. அதற்கப்புறம் அவள் வயிறு திறக்கவில்லை. அவள் சுமந்த அந்த ஏழு மாதத்தில் பஞ்சாட்சரமும் தாடி வளர்க்கத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது வாரம் துரை அவரைக் கூப்பிட்டு, தன் மோவாயைத் தானே விரலால் தொட்டுக் காட்டி, வீட்டில் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டான். மறுநாள் காலை அவர் கண்ணாடிமுன் உட்கார்ந்து வழித்துக்கொண்டார். அன்று முதல் தினமும் வழித்துக்கொண்டார். அபயாம்பாள் மாமியாரிடம் போய் முறையிட்டாள். "உத்தியோகம் போனா வருமா? அதெல்லாம் சாமி கண்டுக்காது, போ" என்றாள் அந்த மகராசி.

அவளுக்குக் கண்டுகொள்ளாத சாமி ஜானுவுக்கு மட்டும் மயிர்மயிராக எண்ணுகிறதாம். எந்த மனுஷிக்குத்தான் பொறுக்கும்?

வேலையில் அவள் ஒரு குறை வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜானுவுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தவள் அவள்தான். உடம்பு துடைத்துவிட்டவளும், படுக்கையிலேயே வைத்து எல்லாம் பார்த்துத் துணி அலசிப் போட்டவளும் அவள்தான். ஜானு 'அக்கா, அக்கா' என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கையை உதறவும் அவளுக்கு மனசில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. சாயங்காலம் ராஜரத்தினம் கடையிலிருந்து வந்து கட்டில் ஓரம் உட்காருவான். ஜானு படுத்தபடியே அவன் தாடியை விரலால் இழுத்து, இன்றைக்கு இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று விளையாடுவாள். அப்போதெல்லாம் அபயாம்பாள் அடுக்களைக்குப் போய் ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை மறுபடியும் தேய்ப்பாள்.

அவளுடைய உள்ளக்கிடக்கை வெறும் காய்ச்சல் மட்டுமல்ல. ஒரு கணக்கும் இருந்தது. ஜானு நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்துவிட்டால், தாடிதான் காப்பாற்றியது என்று ஊரே சொல்லும். தாடி காப்பாற்றும் என்றால், தாடி இல்லாததுதான் தன் பிள்ளையைக் கொன்றது என்று ஆகும். கொன்றவர் தன் புருஷன், கொல்லச் சொன்னவள் மாமியார். இதை அவள் பதினோரு வருஷமாக உள்ளுக்குள் நம்பி வந்தாள்தான். ஆனால் நம்புவது வேறு, தொட்டிலில் போட்டு ஆட்டிக் காட்டுவது வேறு. அந்தத் தொட்டிலை இந்த வீட்டிலேயே தினம் பார்த்துக்கொண்டு தன்னால் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

எட்டாம் மாதம் நடக்கும்போது ராஜரத்தினத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எப்போதோ மனுப் போட்டிருந்த ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து, திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கும்படி எழுதியிருந்தார்கள். இந்தத் தாடியோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். போகவே வேண்டாம் என்றாள் தாய். அவனுக்கும் பாதி மனசுதான். அண்ணியைப் பார்த்தான். இந்த விஷயத்தில் அடிபட்டவள் அவள். அவள் வாயால் வேண்டாம் என்று வந்துவிட்டால் அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான்.

"போ, தம்பி" என்றாள் அபயாம்பாள். "சவரம் பண்ணிகினு போ. நாளைக்கிப் பொறக்கிற கொழந்தைக்கி கம்பெனி உத்தியோகத்துல இருக்கிற அப்பன் வேணாமா? உங்கண்ணன் பண்ணிக்கலையா?"

கடைசி வார்த்தையைச் சொன்னபோது மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். மாமியார் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வழித்துக்கொண்டு வந்து நின்றான். பழைய ராஜரத்தினம், இளைத்த கன்னத்தோடு பாவமாக இருந்தான். மாமியார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அபயாம்பாள் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். அவளுக்கு அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் பசித்தது. ஜானுவின் புருஷனும் இப்போது தன் புருஷனைப் போலத்தான் என்ற நினைப்பு அவளுக்கு அப்படி இனித்தது. உத்தியோகம் என்னவோ வேறொருவனுக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜானு 'அக்கா' என்று கூப்பிட்ட குரலிலேயே அபயாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தாள். போர்வையெல்லாம் ரத்தம்.

மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டு அம்மனைக் கூப்பிட ஆரம்பித்தாள். அபயாம்பாள் தெருமுனைக்கு ஓடினாள். அங்கே குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த ஜட்காக்கார அப்துல் வஹீதை இழுத்துக்கொண்டு வந்தாள். மெத்தையோடு தூக்கி ஜானுவை வண்டிக்குள் கிடத்தினார்கள். மாமியாரை வண்டிக்காரன் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அபயாம்பாள் உள்ளே உட்கார்ந்து, ஜானுவின் கால்களைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவள் மனசில் 'நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன்' என்பதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. எந்தச் சாமியிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வேண்டுகிற உரிமையையே இழந்துவிட்டதாக நினைத்தாள்.

பாதி வழியில் ஜானு கண்ணைத் திறந்தாள். முகம் வெளுத்துக் காகிதமாக இருந்தது.

"அக்கா, அவரு மொகத்த வழிச்சிகினதாலயா?"

"சேச்சே, அதால ஒண்ணும் ஆவாது. மொகத்துக்கும் கொழந்தைக்கும் இன்னா சம்பந்தம்? யார் மேலயும் தப்பில்ல. நீ பேசாம படு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே காதில் விழுந்தது. ஜானு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஜானுவை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், இரண்டு உயிரில் எது தங்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். சொல்லியனுப்ப, ராஜரத்தினம் வந்து சேர்ந்தான். அவனோடு வலியுல்லா சாகிப்பும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஒரு மூலையில் நின்று தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினார். பஞ்சாட்சரம் துரையிடம் சொல்லிக்கொண்டுகூட வரவில்லை, அப்படியே எழுந்து வந்துவிட்டார். மாமியார் அபயாம்பாளைப் பார்த்து, "உன் வாயாலதான்டி" என்றாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள். அபயாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரை அந்தக் கிழவியிடம் ஒரு தரமாவது தலை குனியாதவள்.

மூன்று மணி சுமாருக்கு நர்ஸு வெளியே வந்தாள். பெண் குழந்தை, பஞ்சு வைத்துச் சுற்றி வைத்திருக்கிறது, சின்னதாக இருந்தாலும் நன்றாக அழுகிறது, தாயும் பிழைத்துக்கொண்டாள் என்றாள்.

ராஜரத்தினம் அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். மாமியார் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு விழுந்து எழுந்தாள். எழுந்ததும் முதல் பேச்சு, "அஞ்சு மாசம் வளத்தானே, அந்தப் பலன் வுட்டுப்பூடுமா?" என்பதுதான். கேட்டீர்களா? நாலு நாளைக்கு முன்னால் வழித்ததெல்லாம் கணக்கில் சேராதாம். அபயாம்பாளுக்கு உயிர் வந்தது. தன்னால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று நெஞ்சு லேசாயிற்று. அந்த நிம்மதியின் வாலைப் பிடித்துக்கொண்டே பழைய எரிச்சலும் வந்தது. இவளுக்கு மட்டும் எப்படியும் பிழைக்கிறதே, வழித்தாலும் பிழைக்கிறதே என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் நினைப்பு நிற்கவில்லை.

அப்போதுதான் புருஷனைக் காணவில்லை என்று கவனித்தாள்.

பஞ்சாட்சரம் தாழ்வாரத்தின் கோடியில் மாடிப்படிக்குக் கீழே தனியாக நின்றிருந்தார். உடம்பு சரியில்லையோ என்று அவள் கிட்டே போனாள். கோட்டு, தலைப்பாகை எல்லாம் அப்படியே இருந்தது. வழித்த மோவாயை மட்டும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாள் முதல் அவர் கலங்கி அவள் பார்த்ததில்லை. தங்கள் குழந்தையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட, குளித்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்தவர். மறுநாள் காலை எப்போதும்போல் கண்ணாடிமுன் உட்கார்ந்தவர். கல்நெஞ்சு, மறந்துவிட்டார் என்றுதான் அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"அபயம்" என்றார். "இவன் வழிச்சிகினுதானே கீறான். ஆனாலும் கொழந்த நல்லா பொறந்துட்டுது இல்ல?"

"ஆமாங்க."

"அப்போ நம்ம புள்ள போனதுக்கு நான் காரணமில்லையா?"

காலையில் ஜட்காவில் ஜானு கேட்டு வாய் மூடுமுன் அவள் பதில் சொல்லியிருந்தாள். இந்த மனிதருக்குப் பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை. அவர் கேட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு காலையும் அவர் கத்தியைக் கையில் எடுக்கும்போது, அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அவருக்கு உறைக்க வேண்டும் என்றே போவாள். உறைத்திருக்கிறது. தினம் உறைத்திருக்கிறது.

"நீங்க இல்லீங்க" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. "நீங்கதான்னு நான் இத்தினி நாளா நெனச்சிகினு இருந்தேன். வாய் தொறந்து சொல்லல."

பஞ்சாட்சரம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார். "அதான் நானும் கேக்கல."