கேட்காமலே திறக்கும் பென்டிரைவ்

தா.பழூர் கடைத்தெருவில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவள் என் மனைவி வெற்றிச்செல்வி. பேனருக்குச் சட்டம் அடிப்பதும் டீ வாங்கி வருவதும் என் வேலை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைவண்ணம்தான். ஒரு பெயர் விட்டுப்போனாலும் சண்டை வருகிற ஊர். அதனால், வருகிறவர்கள் பார்த்துச் சரி சொல்ல, கம்ப்யூட்டரோடு இணைத்துப் பெரிய டிவி ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

அவளுடைய ஒரே எதிரி பென்டிரைவ். செருகியதுமே, யாரும் கேட்காமல், உள்ளே இருக்கிற படம் அத்தனையும் டிவியில் விரிந்துவிடும். அடுத்தவர் வீட்டுப் பீரோவை நடுத்தெருவில் திறந்துவைத்த மாதிரி இருக்கும். அதை நிறுத்திப் பார்த்தாள். "ஒண்ணுமே வரலையே, என் பென்டிரைவைக் கெடுத்துட்டியே" என்று நாலு பேர் சண்டைக்கு வந்ததும் பழையபடியே விட்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நிறுத்தினாள். கம்ப்யூட்டர் ஏதோ அப்டேட் என்று ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் தானாகவே பழையபடி ஆகிவிட்டது. அவள் பேச்சைக் கேட்காத ஒன்றும் உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

போன மாதம், அவளுக்குப் பெரியப்பா முறையான வைரக்கண்ணு திருச்சி ஆஸ்பத்திரியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். டாக்டர் கையை விரித்ததும் அவர் மகன் அசோக் அழுதுகொண்டே வந்து அஞ்சலி பேனருக்குச் சொன்னான். சொந்தக்காரர்களிடம் காட்டிப் பெயர்களைச் சரிபார்க்கட்டும் என்று வெற்றி அதை அவன் பென்டிரைவிலேயே போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பெரியவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

"அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாதுக்கா, நெஞ்சு தாங்காது" என்று அசோக் கும்பிட்டான்.

நேற்று அந்த வைரக்கண்ணுவே கடைக்கு வந்தார், பேத்தி காதுகுத்துக்குப் பேனர் போட.

"போட்டோ எல்லாம் இதுல இருக்காம். அசோக் குடுத்தான்" என்று அதே பென்டிரைவை நீட்டினார்.

வெற்றிக்கு முகம் வெளுத்துவிட்டது. அது புரியாமல், உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் வாங்கிச் செருகிவிட்டேன். டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினாள். அது என் சட்டைப்பையில் இருந்தது.

சுவர் முழுக்க மாலை போட்ட வைரக்கண்ணு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. சாய்ந்தால் தாங்கிப் பிடிக்கலாம் என்று அவர் பின்னால் போய் நின்றேன். அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 'தம்பி இராமலிங்கம்' வந்ததும் விரல் நின்றது. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"இவன் பேரை யாரு போடச் சொன்னா?"

"அவரேதான், பெரியப்பா" என்றாள் வெற்றி. "என் பேரை விட்டுடாதம்மான்னு இந்த நாற்காலியில உக்காந்து அழுதாரு."

பெரியவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"காதுகுத்துலயும் அவன் பேரைப் போட்டுடும்மா" என்றார். "எழுத்து மட்டும் என் பேரைவிடச் சின்னதா இருக்கட்டும்."