‘யா’ என்றால் சரி என்று நினைத்தேன்

பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசராக இருந்தேன். பிறந்தது தா.பழூர், கட்டிக்கொடுத்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன். என் லைனில் நாற்பது பெண்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அதைப் பழக்க வியட்நாமிலிருந்து ஒரு பெண்ணை ட்ரெய்னராக அனுப்பியிருந்தார்கள்.

அவள் என்னிடம் முதலில் கேட்டது என் வயதை. பெயரைக்கூட அப்புறம்தான் கேட்டாள். முப்பத்தொன்று என்றேன். தனக்கு இருபத்தெட்டு என்று விரல்களால் காட்டிவிட்டு, அன்றிலிருந்து என்னை ‘ச்சீ’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். லைனே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அது என்ன வார்த்தை என்று அவளிடமே கேட்டேன். போனில் தட்டிக் காட்டினாள். ‘அக்கா’ என்று வந்தது.

அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், எனக்கும் கொஞ்சம். மிச்சத்தைப் போன் பார்த்துக்கொண்டது. பக்கத்து லைன் சூப்பர்வைசர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. தையல் கோணிப்போனால் சிரித்துக்கொண்டே நூலைப் பிரித்து மறுபடி கையில் கொடுப்பாள்.

வைகாசியில் ரஞ்சன்குடி பக்கத்து ஊர் ஒன்றில் மாரியம்மன் தேர். என் லைனில் பன்னிரண்டு பேர் அந்த ஊர். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு வேண்டும் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டார்கள். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று ட்ரெய்னர்தான் சொல்ல வேண்டும் என்றார் மேனேஜர். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போய், பன்னிரண்டு பேர், கோயில் திருவிழா, ஒரே ஒரு நாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் சிரித்த முகத்தோடு ‘யா, யா’ என்றாள். கடைசியில் கொஞ்சம் கஷ்டம் என்றும் சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லீவு கொடுக்கிற யாரும் கஷ்டம் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலேயே பன்னிரண்டு பேரிடமும் லீவு உண்டு என்று சொல்லிவிட்டேன்.

தேருக்கு முதல் நாள், வியாழக்கிழமை காலையில், மறுநாள் வேலைக்கான போர்டில் என் லைனுக்கு நேராக நாற்பது பேர் என்று எழுதியிருந்தது. தப்பாக எழுதிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துப் போய்ச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. நான் சரி என்று சொல்லவே இல்லையே என்றாள். ‘யா யா’ என்று தலையாட்டினாயே என்றேன். போனை எடுத்து நிறைய நேரம் தட்டினாள். அது இங்கிலீஷ் இல்லை, அவர்கள் ஊர் வார்த்தை. பெரியவர்கள் பேசும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மரியாதைக்குச் சொல்வது. அவ்வளவுதான்.

அதோடு அவள் நிறுத்தவில்லை. ஒரு மாதத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு லைன் வருமா என்று அவள் கேட்டதற்கு நான் ‘பாக்கலாம்’ என்றேனாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, விளக்கையெல்லாம் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். பாக்கலாம் என்றால் வரமாட்டோம் என்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியும். அவளுக்கு யார் சொல்வது? இத்தனை நாள் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குள் விஷயம் லைனுக்குப் போய்விட்டது. ஷூவின் முன்பக்கம் தைக்கிற மூத்த பெண் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

“லீவுன்னு நீதானேம்மா சொன்ன? வூட்டுல சம்பந்தி வந்து உக்காந்திருக்காங்க. நாளைக்குக் காலையில நான் பால்குடம் எடுக்கணும்.”

“தப்பு என்மேலதாங்க்கா. நான் சரியா கேட்டுக்கல.”

“அத வச்சி நான் என்ன பண்றது?”

மேனேஜரிடம் ஓடி அழலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படிச் செய்தால் பழி ட்ரெய்னர்மேல் போகும். திரும்ப அவளிடமே போனேன். இந்த முறை திருவிழாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. எது கஷ்டம், காட்டு என்றேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மெஷினைத் தொட்டுக் காட்டினாள். முன்பக்கம் தைக்கிற மெஷின்கள். அந்த வேலை லைனில் இரண்டே பேருக்குத்தான் வரும், இருவரும் அந்த ஊர். மற்ற பத்து பேர் இடத்துக்கு ஆள் மாற்றிவிடலாம். சனிக்கிழமை லாரி ஏற்ற வேண்டியதால் இந்த இரண்டு மெஷின் மட்டும் நிற்கக் கூடாது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். அக்காவிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று எப்படிச் சொல்வது என்று போனில் எழுதிக் காட்டினாள்.

எத்தனை ஜோடி, எத்தனை மணிக்குள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினேன். ஒரு மெஷினில் தானே உட்காருவதாகச் சொன்னாள். இன்னொன்றில் மதியம் வரை நான் உட்காருகிறேன் என்றேன். சூப்பர்வைசர் ஆவதற்கு முன் கொஞ்ச நாள் அந்த வேலை செய்திருக்கிறேன். பால்குடம் எடுத்துவிட்டு மூத்தவர் மதியம் வர வேண்டும். மற்ற பதினோரு பேருக்கு முழு லீவு. மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டவுன் பஸ் பிடித்து, மஞ்சள் புடவையோடு பன்னிரண்டரைக்கு வந்தார். எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்து தைத்தார். நான் தைத்ததில் பாதி கோணல். ட்ரெய்னர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு எரிச்சல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிரித்ததையெல்லாம் மறுபடி தைத்து முடிக்க ஏழு மணி ஆகிவிட்டது. மூத்தவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர் நிலைக்கு வந்துவிட்டதாம். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் காலண்டரோடு வந்து, அடுத்த வருஷத் தேருக்கு லீவை இப்பவே எழுதி வாங்கிக் கொடு என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நானும் ட்ரெய்னரும் எதைப் பேசினாலும், நான் சொன்னதை அவளும் அவள் சொன்னதை நானும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். அவள் தமிழும் கொஞ்சம் கற்றுக்கொண்டாள். “அக்கா, பாக்கலாம் வேணாம். வருவாங்களா, மாட்டாங்களா?” என்று கேட்பாள். முதல் தடவை ‘மாட்டாங்க’ என்று சொன்னபோது அவளைத் திட்டிவிட்டது போல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் அதை நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

ஒப்பந்தம் முடிந்து அவள் ஊருக்குப் போன பிறகு, ஒடிசாவிலிருந்து எட்டுப் பெண்கள் என் லைனுக்கு வந்தார்கள். சாப்பாடெல்லாம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். மறுநாள் மெஸ்ஸில் அவர்கள் மேசையிலேயே போய் உட்கார்ந்தேன். சோற்றைத் தின்றார்கள், சாம்பாரை யாரும் தொடவில்லை. புளிதான் சிக்கல் என்று கண்டுபிடிக்க ஒருநாள் ஆனது. புளி போடாமல் ஒரு பருப்பு தனியாக வைக்க மெஸ்காரரைச் சம்மதிக்க வைக்க மேலும் மூன்று நாள் ஆனது.