தலையாட்டும் கமிட்டி

செருப்புக் கம்பெனியில் தையல் பிரிவுக்காரி அவள். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் எல்லோருக்கும் 'வக்கீலம்மா'. "எங்களையும் கேட்டு முடிவு பண்ணுங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவள் அவள்தான். கேட்கவும் தொடங்கினார்கள், கமிட்டியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் வக்கீலம்மாவுக்கு வாயடைத்துப்போயிற்று.

மேனேஜர் ஆர்டர், மார்ஜின், அவுட்சோர்ஸிங் என்று அடுக்குவார். விளங்கவில்லை என்றால் மானம் போய்விடுமே! தொழிலாளர் பக்கம் மொத்தமும் தலையாட்டும். வெளியே வந்து, "என்னக்கா சொன்னாரு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நல்ல கமிட்டி போங்கள்!

போன கூட்டத்திலும் அதே கூத்துதான். மறுவாரம் கேண்டீனில் கணக்குப் பிரிவு ஆள் பேச்சுவாக்கில் சொன்னார்: "செருப்புக்கு அடி ஒட்டுற பிரிவை மூடிட்டு அந்த வேலையை வெளியில குடுக்கப்போறாங்க. நீங்கதானேம்மா சரின்னீங்க?"

ஒட்டும் பிரிவில்தான் அவள் தங்கை வேலை பார்க்கிறாள். வீட்டில் தங்கை, "ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றபோது தலைவலி என்று சமாளித்தாள்.

அடுத்த கூட்டத்தில் இறுதி முடிவுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். அவள் கை தூக்காமல் எழுந்து நின்றாள்.

"சார், போன தடவை எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். முதல்லேருந்து சொல்லுங்க."

பக்கத்திலிருந்தவர் அவள் காலை மிதித்தார். மேனேஜர் முகம் கடுத்தது. ஆனாலும் நிதானமாகவே சொன்னார். சரக்கு வாங்கும் பெரிய வியாபாரி பாதி ஆர்டரை நிறுத்திவிட்டார். ஒட்டும் பிரிவை மூடலாம். இல்லையென்றால் நிலைமை சீராகும்வரை எல்லோருக்கும் வாரம் நாலு நாள் வேலை, நாலு நாள் சம்பளம்.

"வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்கம்மா."

அவளுக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. விவரம் தெரிந்து வந்த இந்தப் பயத்துக்கு முன்னால், தெரியாமல் பயந்ததெல்லாம் ஒரு பயமா! தங்கைக்காக எல்லார் வயிற்றிலும் அடித்தாள் என்று நாளைக்குப் பேசுவார்கள். பேசட்டும் என்று துணிய அவளால் முடியவில்லை. பயந்துகொண்டேதான் நாலு நாளுக்குக் கை தூக்கினாள். அப்புறம் மற்றவர்களும் தூக்கினார்கள்.

தையல் பிரிவுக்குள் நுழைந்ததும் மெஷின்கள் நின்றன. நாலு நாள் முடிவை மறைக்காமல் சொன்னாள். பக்கத்து மெஷின்காரியின் புருஷன் மாதக்கணக்காகப் படுத்த படுக்கை.

"முழுச் சம்பளத்துலயே மருந்துக்குத் திண்டாடுறேன்" என்றாள் அந்த மெஷின்காரி, மெதுவாக. "இதுக்கு முதல்ல கை தூக்குனது யாருக்கா?"

"நான்தான்டி."