சார்ஜருக்குப் போட்ட பனியன்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறோம். தொழிலாளர்களின் மின்சார ஸ்கூட்டர்களுக்காக வாசலில் ஒரு சார்ஜர் பொருத்தி, அரசு மானியத்துக்கு விண்ணப்பித்தோம். அதிகாரி நேரில் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் மானியம் கிடைக்கும்.

பஞ்சுத் தூசி படியும் என்று, மிக்ஸி முதல் ரிமோட் வரை எல்லாவற்றுக்கும் பனியன் துணியில் உறை தைத்துவிடுவாள் என் மனைவி சாந்தாமணி. சார்ஜருக்கும் இறுக்கமாக ஒன்று தைத்து மாட்டினாள்.

“ஆபீசர் வர்ற வரைக்கும் புதுசாவே இருக்கோணுமுங்க” என்றாள். அழகாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

அதிகாரி வரவேண்டிய அன்று காலை, ஒரு வண்டி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தபோது துணி கருகும் வாடை வந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு உறையை உருவினேன். பிளக் இருந்த பக்கம் தீய்ந்திருந்தது. பக்கத்திலேயே கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகள்.

அதிகாரி வந்ததும் நடந்ததைச் சொன்னோம். “ஏனுங்கம்மா, சார்ஜருக்குமா பனியன்?” என்று சிரித்தார்.

“திருப்பூருங்களே சார், வெறும் மேலோட எப்படி நிக்க உடறது?” என்றாள் சாந்தாமணி.

பிளக்கை மாற்றி, மூட்டைகளை அகற்றச் சொன்னார். மறுமுறை வந்தபோது ஒப்புதல் தந்தார்.

இப்போது சார்ஜரை மூடுவதில்லை. தினமும் காலையில் மெயினை அணைத்துவிட்டு நானே தூசி துடைக்கிறேன். தீய்ந்த பக்கத்தை வெட்டிவிட்டு, மீதித் துணியில் என் டைரிக்கு உறை தைத்துத் தந்தாள் சாந்தாமணி.

“இது சூடாகாதுங்க” என்றாள்.