பச்சை ஒயர்

புது ஆம்ப்ளிஃபயர் வாங்கியதிலிருந்து என் ஸ்பீக்கரில் பாட்டோடு ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் வந்தது. சேரப்பணஞ்சேரியில் கரண்டே சுத்தமில்லை என்று முடிவு கட்டி ஸ்டெபிலைசர் வாங்கினேன். பலனில்லை. பழியைப் பக்கத்து வீட்டுச் செல்வியின் கிரைண்டர் மேல் போட்டு, ஒரு ஞாயிறு காலை சண்டைக்கே போய்விட்டேன்.

ஒரகடம் தொழிற்சாலையில் பேனல் ஒயரிங் செய்பவர் செல்வி. மறுபேச்சில்லாமல் தன் வீட்டு மெயினையே அணைத்தார். இரைச்சல் நிற்கவில்லை. டெஸ்டரை எடுத்துவந்து என் ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தார், டெஸ்டரின் விளக்கு எரிந்தது; பெட்டியில் கரண்ட் கசிந்திருக்கிறது. என் வீட்டு மெயினையும் அணைத்துவிட்டு பிளக் பாயிண்டைக் கழற்றினார்.

“இன்னா சார், பச்ச ஒயர் எங்க?”

“இந்தப் பெட்டிக்காகப் பாயிண்டை இடம் மாத்தினப்ப சும்மா தொங்கிக்கிட்டிருந்தது. நான்தான் வெட்டிட்டேன்.”

“சும்மாவா? அதான் சார் எர்த்து, ஷாக் அடிக்காம காப்பாத்துறது! உங்க பாப்பா தொட்டுக்கினு ஆடுற பெட்டி இது!”

ஊரார் செய்யும் உதிரிபாகங்களில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நான் தரப் பரிசோதகர்.

செல்வி ஒயரை இணைத்து மெயினைப் போட்டதும் இரைச்சல் நின்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “மாவு பாதியில கீது சார்” என்று கிளம்பிவிட்டார்.

இன்றும் மகள் அந்தப் பெட்டியருகே போனால், அவளுக்கு முன்னால் என் கை அதைத் தொட்டுப் பார்த்துவிடுகிறது.